மேலே வர வர இலேசாகும் வாளி

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் பிள்ளையார்பட்டி இருக்கிறது. குன்றைக் குடைந்து அமைத்த கோயிலும், அங்குள்ள வலம்புரிப் பிள்ளையாரும் அவ்வூருக்குப் புகழ் சேர்த்தவை. ஆனால் நாம் இப்போது போகப்போவது கோயிலுக்கு அல்ல. அவ்வூர்ப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றின் பின்கட்டுக் கிணற்றடிக்கு.

சிவகங்கைச் சீமை வறண்ட பூமி. முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைப்பதும், ஊருணி வெட்டிக் காப்பதும், ஆழக் கிணறு தோண்டுவதும் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கங்கள். இன்று மின்மோட்டார் வந்துவிட்டது. எனினும் மின்சாரம் நின்றுபோனால் கிணற்று உருளையும் கயிறும் மீண்டும் வேலைக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு நாள். விடுமுறைக்கு வந்த பேத்தி தண்ணீர் இறைக்கிறாள். வாளி நீருக்குள் இருக்கும்வரை கனமே தெரியவில்லை. நீர்மட்டத்தை விட்டுக் கிளம்பியதும் கை வலிக்கிறது. ஆனால் மேலே வர வர வாளி இலேசாகிக்கொண்டே வருகிறது.

“என்ன அப்பத்தா இது? தண்ணி சிந்தவே இல்லை. ஆனா வாளி மேலே வர வர கனம் குறையுதே!”

“தொங்குற கயிறு பூராவும் கைக்கு வந்துருச்சுல்ல, அதான்” என்றார் அப்பத்தா.

விடை இதுதான். பள்ளிக்கூடத்துக் கணக்கு எதுவும் இல்லாமலே, கையின் அனுபவத்தால் அப்பத்தா அதைக் கண்டுகொண்டார். அந்த விடைக்குள் எண்களைப் போட்டுப் பார்ப்பதே நம் வேலை. அதைச் செய்யும்போது தொகையிடல் என்னும் அழகான கணித முறை தானாகவே நம் கைக்கு வந்து சேரும்.

எந்த விசையைப் போடுவது?

வேலை என்பது விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கக் கிடைப்பது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ‘வேலை’ என்ற சொல்லுக்கு இந்தத் துல்லியமான பொருளைக் கொடுத்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ். அவர் 1829 ஆம் ஆண்டில் எந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில் அதை விளக்கினார். ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் தூரம் செயல்பட்டால் ஆகும் வேலை ஒரு ஜூல்.

நம் கிணற்றுக்குச் சில எண்களைக் கொடுப்போம். உருளையிலிருந்து நீர்மட்டம் வரை 20 மீட்டர். வெறும் வாளி 2 கிலோகிராம். அதில் கொள்ளும் நீர் 10 கிலோகிராம். கயிறு மீட்டருக்கு 0.2 கிலோகிராம், ஆக 20 மீட்டர் கயிறு 4 கிலோகிராம். ஒரு கிலோகிராம் நிறையைப் பூமி 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. மனக்கணக்குக்கு எளிதாக 10 நியூட்டன் என்றே கொள்வோம். உருளையின் உராய்வை இப்போதைக்கு மறந்துவிடுவோம். வாளியைச் சீராக, மெதுவாக இழுக்கிறோம். எனவே நாம் கொடுக்கும் விசை, தொங்கும் எடைக்குச் சமம்.

தொடக்கத்தில் தொங்குவது வாளி, நீர், கயிறு மூன்றும் சேர்ந்து 16 கிலோகிராம். விசை 160 நியூட்டன். வாளி மேலே வந்து சேரும்போது தொங்கும் கயிறு எதுவும் இல்லை. எடை 12 கிலோகிராம்; விசை 120 நியூட்டன்.

இப்போது வேலையைக் கணக்கிடுங்கள். 160 ஐ 20 ஆல் பெருக்கினால் 3,200 ஜூல். 120 ஐ 20 ஆல் பெருக்கினால் 2,400 ஜூல். இரண்டில் எது சரி? இரண்டுமே தவறு! முதற் கணக்கு, கயிற்றின் ஒவ்வொரு பகுதியும் முழு 20 மீட்டர் தூரம் ஏறியதாகப் பாவிக்கிறது. உருளைக்குப் பக்கத்தில் இருந்த கயிறு ஒரு சாண் தூரந்தானே ஏறியது? இரண்டாம் கணக்கோ, கயிற்றுக்கு எடையே இல்லை என்கிறது. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

துண்டு துண்டாக வெட்டுவோம்

‘விசை பெருக்கல் தூரம்’ என்ற விதி, விசை மாறாமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கே விசை இடத்துக்கு இடம் மாறுகிறது. வாளி ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் 0.2 கிலோகிராம் கயிறு கைக்கு வந்துவிடுவதால், விசை 2 நியூட்டன் குறைகிறது. வாளி ஏறிய உயரத்தை ‘உ’ என்று குறித்தால்,

விசை = 160 – 2உ

இனி 20 மீட்டரை நான்கு துண்டுகளாக, ஒவ்வொன்றும் 5 மீட்டராக, வெட்டுவோம். துண்டுகளின் எல்லைகளில் விசை 160, 150, 140, 130, 120 நியூட்டன். ஒவ்வொரு துண்டிலும், அதன் தொடக்கத்தில் இருந்த பெரிய விசையே நீடித்ததாக வைத்துக்கொண்டால்,

(160 + 150 + 140 + 130) × 5 = 2,900 ஜூல்.

ஒவ்வொரு துண்டின் முடிவில் உள்ள சிறிய விசையை எடுத்துக்கொண்டால்,

(150 + 140 + 130 + 120) × 5 = 2,700 ஜூல்.

உண்மையான வேலை 2,900 ஐ விடக் குறைவு. 2,700 ஐ விட அதிகம். சற்று முன்பு 3,200 க்கும் 2,400 க்கும் நடுவே தத்தளித்தோம். இப்போது இடைவெளி 800 இலிருந்து 200 ஆகச் சுருங்கிவிட்டது.

இன்னும் பொடியாக வெட்டினால்? 10 துண்டுகள் போட்டால் விடை 2,840 க்கும் 2,760 க்கும் நடுவே வரும், இடைவெளி 80. 20 துண்டுகள் போட்டால் 2,820 க்கும் 2,780 க்கும் நடுவே, இடைவெளி 40. ஆயிரம் துண்டுகள் போட்டால் இடைவெளி ஒரு ஜூல்கூட இல்லை. வெட்ட வெட்ட, மேலிருந்து ஓர் எண்ணும் கீழிருந்து ஓர் எண்ணும் நெருங்கி வந்து நடுவில் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த எண் 2,800. அதுவே நாம் செய்த வேலை.

துண்டுகளை இம்மியளவும் தடிமன் இல்லாதபடி நுணுக்கி, அவற்றின் வேலைகளை எல்லாம் கூட்டி, அக்கூட்டுத்தொகை எந்த எண்ணை நெருங்குகிறதோ அதைக் கண்டுபிடிப்பதற்கே தொகையிடல் என்று பெயர்.

‘சும்மா’ வந்த குறியீடு

இதற்குரிய ∫ என்ற குறியை 1675 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் முதலில் எழுதினார். இலத்தீன் மொழியில் கூட்டுத்தொகைக்குச் ‘சும்மா’ என்று பெயர். அச்சொல்லின் முதலெழுத்தைத் தலையையும் காலையும் பிடித்து இழுத்து நீட்டியதுதான் இந்தக் குறி! ஆகவே ∫ என்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ‘கூட்டு’ என்பதே அதன் பொருள்.

மிகச் சிறிய உயரத் துண்டைத் ‘துஉ’ (துளி உயரம்) என்று குறித்தால், நம் கிணற்றுக் கணக்கு இப்படி ஆகும்:

வேலை = ∫ (160 – 2உ) துஉ,  உ = 0 முதல் 20 வரை

கோடிக்கணக்கான துண்டுகளை உட்கார்ந்து கூட்டவேண்டியதில்லை. அதற்குக் குறுக்கு வழி உண்டு. மாறிலியைத் தொகையிட்டால் அம்மாறிலியை உ ஆல் பெருக்கியது கிடைக்கும். உ வைத் தொகையிட்டால் உ²/2. உ² ஐத் தொகையிட்டால் உ³/3. எனவே,

வேலை = 160உ – உ², உ = 20 என்ற இடத்தில்
= 3,200 – 400 = 2,800 ஜூல்.

விடை சரிதானா என்று வேறு வழியிலும் பார்க்கலாம். வாளியும் நீரும் சேர்ந்து 12 கிலோகிராம், 20 மீட்டர் ஏறின; அதற்கு 2,400 ஜூல். 4 கிலோகிராம் கயிற்றில் அடிப்பகுதி 20 மீட்டர் ஏறியது. மேல்நுனி ஏறவே இல்லை. சராசரியாக 10 மீட்டர்; அதற்கு 400 ஜூல். கூட்டினால் 2,800. இரு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன அல்லவா?

விசையை நிலைக்குத்து அச்சிலும், உயரத்தைக் கிடை அச்சிலும் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். 160 இல் தொடங்கி 120 இல் முடியும் சாய்கோடு கிடைக்கும். அக்கோட்டின்கீழ் உள்ள பரப்பே வேலை. அது ஒரு சரிவகம்; பரப்பு (160 + 120) ÷ 2 × 20 = 2,800.

நீராவி எஞ்சின் காலத்தில் இந்த உண்மை பெரும் பயன் தந்தது. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், 1796 ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்தார். எஞ்சினின் உந்துதண்டு நகர நகர, உள்ளேயிருக்கும் நீராவியின் அழுத்தத்தை ஒரு பென்சில் தானே தாளில் வரைந்து காட்டியது. அந்தப் படத்தின் பரப்பை அளந்தால் எஞ்சின் செய்த வேலை தெரிந்துவிடும். எஞ்சினே தன் தொகையிடலை வரைந்து கொடுத்தது போல! இக்கருவியைப் பல ஆண்டுகள் அவர்கள் தொழில் இரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

சராசரி போதாதா?

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் எழுந்து நிற்பார். “ஐயா, 160 க்கும் 120 க்கும் சராசரி 140. அதை 20 ஆல் பெருக்கினால் 2,800 வந்துவிடுகிறது. இதற்குப் போய்த் தொகையிடல் எதற்கு?”

நல்ல கேள்வி. விசை நேர்கோட்டில் மாறும்போது முதலையும் முடிவையும் சராசரி எடுத்தாலே போதும். கோடு வளைந்துவிட்டால் அந்தச் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். பார்ப்போமா?

‘ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி’ என்பது பழமொழி. கொழுக்கட்டைக்குப் பேர்போன பிள்ளையார்பட்டியில் சட்டிக்கு அது பொருந்தலாம், வாளிக்குப் பொருந்தாது. நம் வாளியின் அடியில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

நீர் எப்படி ஒழுகும்? வாளி நிறைய இருக்கும்போது அடியில் அழுத்தம் அதிகம். நீர் பீறிட்டு ஓடும். மட்டம் குறையக் குறைய ஓட்டமும் தளரும். ஓட்டை வழியே பாயும் நீரின் வேகம், அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 17 ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்டார். பக்கங்கள் நேராக உள்ள வாளியைச் சீரான வேகத்தில் இழுத்தால், எஞ்சும் நீர் ஒரு வர்க்கக் கோவையின்படி குறையும். ஓட்டையின் அளவு, 40 மீட்டர் இழுத்தால் வாளி முழுதும் காலியாகிவிடும் அளவு என்று கொள்வோம். அப்போது நீருக்காக மட்டும் கொடுக்கவேண்டிய விசை,

விசை = 100 × (1 – உ/40)²

எண்களாகப் பார்த்தால், தொடக்கத்தில் 100 நியூட்டன். 5 மீட்டரில் 76.6, 10 மீட்டரில் 56.3, 15 மீட்டரில் 39.1, 20 மீட்டரில் 25. முதல் 5 மீட்டரில் 23 நியூட்டனுக்கு மேல் குறைகிறது. கடைசி 5 மீட்டரில் 14 நியூட்டன்தான் குறைகிறது. வரைந்து பாருங்கள், கோடு தொங்கும் கயிறு போல நடுவில் தாழ்ந்திருக்கும்.

கெட்டிக்கார மாணவரின் முறைப்படி, 100 க்கும் 25 க்கும் சராசரி 62.5, 20 ஆல் பெருக்க 1,250 ஜூல். தொகையிட்டால் என்ன வருகிறது? அடைப்புக்குறியை விரித்து எழுதினால்,

விசை = 100 – 5உ + உ²/16

தொகையிட,

வேலை = 100உ – 2.5உ² + உ³/48
உ = 20 எனில், 2,000 – 1,000 + 166.7 = 1,166.7 ஜூல்.

சராசரி முறையில் 83 ஜூல் பிழை! தொகையிடல் இன்னும் படிக்காதவர்கள்கூட இந்த விடையை நெருங்கலாம். நான்கு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உள்ள விசையை எடுங்கள். 2.5, 7.5, 12.5, 17.5 மீட்டர்களில் அது முறையே 87.9, 66.0, 47.3, 31.6 நியூட்டன். கூட்டினால் 232.8, 5 ஆல் பெருக்கினால் 1,164 ஜூல். பென்சிலும் தாளும் கொண்டு சரியான விடைக்கு 3 ஜூல் தூரத்தில் வந்துவிட்டோம்.

இந்தக் கணக்கு வெறும் கணக்கல்ல. கயிற்றுக்கு 400 ஜூல், வெறும் வாளிக்கு 400 ஜூல் ஆகியவற்றையும் கூட்டினால், ஓட்டை வாளியை ஒருமுறை இழுக்க 1,967 ஜூல் ஆகிறது. மேலே வந்து சேரும் நீர் வெறும் 2.5 கிலோகிராம். 10 கிலோகிராம் நீர் வேண்டுமானால் நான்கு முறை இழுக்கவேண்டும். ஏறத்தாழ 7,870 ஜூல். நல்ல வாளியானால் 2,800 ஜூல் போதும். ஓட்டையை அடைக்காத சோம்பல், இறைப்பவரின் தோளில் ஏறத்தாழ மும்மடங்கு சுமையாக ஏறுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தத் தோள் தாயாருடையதும் பாட்டியுடையதும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கமலை மாடுகளின் கணக்கு

இனி வயற்காட்டுக் கிணற்றுக்கு வருவோம். மின்பம்புகள் பரவுவதற்கு முன் தமிழ்நாட்டில் பாசனத்துக்குக் கமலை இறைத்தார்கள். கவலை என்றும் அதைச் சொல்வார்கள். இரு மாடுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்க, பெரிய சால் நீரோடு மேலே வரும். மாடுகள் நடக்கும் தடம் சமதரையாக இராது. கிணற்றிலிருந்து விலக விலகச் சரிந்து இறங்கும். ஏன் இந்தச் சரிவு?

நீரோடு சேர்ந்த சால் 120 கிலோகிராம், வடம் மீட்டருக்கு 1 கிலோகிராம், ஆழம் 10 மீட்டர் என்று கொள்வோம். விசை தொடக்கத்தில் 1,300 நியூட்டன், முடிவில் 1,200.

வேலை = ∫ (1,300 – 10உ) துஉ, 0 முதல் 10 வரை
= 13,000 – 500 = 12,500 ஜூல்.

மாடுகள் இரண்டும் சேர்ந்து 600 கிலோகிராம் என்போம். தடம், 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்குமாறு சரிந்திருந்தால், மாடுகளின் உடல் எடையே 6,000 ஜூல் வேலையைச் செய்துவிடும். மாடுகளின் தசைகள் செய்யவேண்டிய மீதி 6,500 ஜூல்தான். தொடக்கத்தில் 1,300 நியூட்டனோடு முட்டி இழுக்கவேண்டிய மாடுகளுக்கு, 700 நியூட்டன் முயற்சி போதும்.

அப்படியானால் 6,000 ஜூல் இலவசமாகக் கிடைத்ததா? இல்லை. மாடுகள் மீண்டும் மேட்டுக்கு ஏறி வரவேண்டும். 600 கிலோகிராமை 1 மீட்டர் ஏற்ற, அதே 6,000 ஜூலை அவை திருப்பிக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். 6,500 உம் 6,000 உம் கூட்டினால் பழைய 12,500! வேலை குறையவில்லை, பங்கிடப்பட்டது. சமதரையில் போகும்போது முதுகொடியும் பாரம், வரும்போது வெறும் நடை. சரிவில் போகும்போது பாதி, வரும்போது பாதி. உராய்வையும், வெறும் சால் கீழே இறங்குவதையும் இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ஆயினும் கமலைத் தடத்தைச் சரித்து வெட்டிய உழவரின் நுண்ணறிவு இதிலிருந்து விளங்கும்.

கிணற்றிலிருந்து விண்வெளிக்கு

நம் கிணற்றில் விசை மாறியதற்குக் காரணம் கயிறு. கயிறே இல்லாவிட்டாலும், மிக உயரப் போனால் விசை மாறும். பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு இருமடங்கானால், பூமியின் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பது நியூட்டனின் விதி. 20 மீட்டர்க் கிணற்றில் இந்த மாற்றம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் இராக்கெட்டுக்கு அதுவே உயிர்.

ஒரு கிலோகிராம் பொருளைப் பூமியின் பிடியிலிருந்து முற்றிலும் விலக்க எவ்வளவு வேலை? ஈர்ப்பு குறையாமலே இருந்திருந்தால், எல்லையற்ற தூரத்துக்கு எல்லையற்ற வேலை வேண்டும். பூமியை விட்டு யாருமே முற்றிலும் விடுபட முடியாது. ஆனால் குறைந்துகொண்டே வரும் இந்த விசையைத் தொகையிட்டால் வியப்பான ஒரு விடை வருகிறது. பூமிப்பரப்பில் உள்ள விசையைப் பூமியின் ஆரத்தால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவே மொத்த வேலை! 9.8 நியூட்டனை 63,70,000 மீட்டரால் பெருக்க, ஏறத்தாழ 6 கோடியே 24 இலட்சம் ஜூல். இந்த ஆற்றலைத் தொடக்கத்திலேயே வேகமாகக் கொடுப்பதானால், வினாடிக்கு சுமார் 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். விடுபடு வேகம் என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் எண் இதுதான். 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்ற ஆதித்யா எல்-1 விண்கலத்தின் பயணத் திட்டத்துக்குள்ளும் இதே தொகையிடல்தான் இருந்தது. கிணற்றுக் கயிற்றுக்கு ஒரு கணிதம், இராக்கெட்டுக்கு ஒரு கணிதம் என்று இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் கிணறு இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கயிற்றின் நீளத்தையும் எடையையும் அளந்து பாருங்கள். காய்ந்த கயிற்றையும் நனைந்த கயிற்றையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். நனைந்த கயிறு எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். கிணறு இல்லாதவர்கள் இந்தக் கணக்கைப் போடலாம்: ஆழம் 10 மீட்டர், வாளியும் நீரும் 8 கிலோகிராம், கயிறு மீட்டருக்கு 0.3 கிலோகிராம். செய்யும் வேலை எவ்வளவு? துண்டுகளாக வெட்டி ஒருமுறையும், தொகையிட்டு ஒருமுறையும் போடுங்கள். 950 ஜூல் வந்தால் உங்கள் கணக்கு சரி.

அடுத்தமுறை தண்ணீர் இறைக்கும்போது கையைக் கவனியுங்கள். மேலே வர வரக் குறையும் அந்தக் கனம், கயிறு சாண் சாணாகக் கைக்கு வந்து சேர்வதைச் சொல்லும். அப்பத்தா சொன்னதும் அதைத்தான். ∫ என்ற நீண்ட குறி சொல்வதும் அதைத்தான்.